பலகையில் தொங்கிய மூன்றாம் நம்பர்

அத்தியாயம் 6

"நல்லாப் பாருங்க. ஒண்ணுமே இல்லை" என்றார் டாக்டர் இன்பராஜ்.

அவர் கையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. பென்சில் கனம்கூட இருக்காது. நான் எட்டிப் பார்த்தேன். கீழே மஞ்சளாகக் கொஞ்சம் நீர், அதன் மேல் வெறும் தண்ணீர் மாதிரி இன்னொன்று. ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எம்.டி. படித்திருக்க வேண்டுமா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கோதண்டராமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

கோதண்டராமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களைச் சோதனை போடும் வாசலில் இருபத்தாறு வருஷம் நின்றவர். குடுமியில் தங்கம், வெற்றிலைப் பெட்டியில் தங்கம், வாய்க்குள் தங்கம் என்று எல்லாவற்றையும் எடுத்தவர். ஓய்வு பெற்றபின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறை பிடித்துத் துப்பறிகிறார். அவரைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். அவருடைய உதவியாளனான சம்பங்கியாகிய என்னைக் கண்டால், "தம்பி, சாருக்கு ஒரு டீ சொல்லு" என்கிறார்கள். எனக்குப் பொறாமை உண்டு. மறைக்கிற வழக்கம் இல்லை.

"புரியறாப்பல சொல்லுங்க சார்" என்றார் கோதண்டராமன். "வளையம் வரணும்னு சொன்னீங்க."

பதில் சொன்னது டாக்டர் அல்ல. மூலையில் நின்றிருந்த ஃப்ளோரா. இருபத்திரண்டு வயது இருக்கும். ஆண்டர்சன்பேட்டைப் பெண். இந்தப் பாலகாட் சுரங்கத்து ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு வருஷமாக வேலை. அழுது முடித்த முகம்.

"மனுசன் ரத்தத்துல வெள்ளை அணு கீது இல்லீங்களாண்ணா, நோயோட சண்டை போடறது. அதைத் தனியா எடுத்து முயலுக்கு ஊசி போட்டேன். முயல் உடம்பு அது எதிரின்னு நெனச்சு, அதுக்கு எதிரா ஒண்ணு தயார் பண்ணும். அப்புறம் முயல் ரத்தத்துலருந்து தெளிஞ்ச நீரை எடுத்தா அதுதான் சீரம். அது வெள்ளை அணுவுல இருக்கற ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் போய்ப் புடிக்கும். வேற எதையும் தொடாது. சீரத்தை ஊத்தி மேல வெள்ளை அணுச் சாறு விட்டா, ரெண்டும் சேர்ற எடத்துல வெள்ளையா வளையம் வரும்."

"வந்தா?"

"சுரங்கத் தூசி நுரையீரல்ல படிஞ்சு தூசி நெஞ்சு வந்தவங்களுக்கு வளையம் தடிமனா வருது. எக்ஸ்ரேல தெரியறதுக்கு முன்னாடியே வருதுண்ணா." அவள் டாக்டர் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். "எங்கப்பாவுக்கு எக்ஸ்ரேல தெரிஞ்சப்ப ஒண்ணும் பண்ண முடியல."

விஷயம் இதுதான். அன்று வெள்ளிக்கிழமை, 1971 ஆகஸ்ட். நாலு மணிக்குப் பம்பாயிலிருந்து கமிட்டி வருகிறது. ஃப்ளோராவின் சீரத்தைக் கண்ணால் பார்த்து, சரி என்றால் அவளைப் பம்பாய்க்கு இரண்டு வருஷம் படிக்க அனுப்புவார்கள். தப்பு என்றால் பொய்க்கணக்கு எழுதினாள் என்று வேலையும் போகும். சீரம் கொடுத்த முயல் போன மாதமே செத்துவிட்டது. இருந்ததெல்லாம் பிரிட்ஜுக்குள் இருந்த இரண்டு குப்பிதான். புதன்கிழமை சாயங்காலம்வரை வளையம் வந்த சீரம், வியாழக்கிழமை காலை செத்துக் கிடந்தது.

"கூடத்தின் மானம் போகாது" என்றார் டாக்டர். "என் முயலின் சீரம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் மங்கலாக வரும். அதைக் காட்டிச் சமாளித்துவிடலாம். ஆனால் இந்த அக்கிரமம் செய்தவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியும் என்றே நினைக்கிறேன். முனியப்பனைக் கேளுங்கள்."

மணி இரண்டு. அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.

முனியப்பன் முயல்களைப் பார்த்துக்கொள்பவர். அதற்கு முன் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இருந்தவர். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை இருமினார். எங்களை நடையில் இருந்த ஒரு மரப்பலகையிடம் அழைத்துப் போனார். பலகையில் ஒரு ஆணி, ஆணியில் பிரிட்ஜ் சாவி.

"இது என் சட்டம் சார். சாவி எடுக்கறவங்க அவங்க நம்பர் போட்ட பித்தளை டோக்கனை ஆணியில மாட்டணும். சாவியைத் திருப்பி மாட்டிட்டு டோக்கனை எடுத்துக்கணும். டாக்டரு ஒண்ணாம் நம்பர், ஃப்ளோராம்மா ரெண்டு, சகுந்தலாம்மா மூணு, நான் நாலு. சுரங்கத்துல கீழ எறங்கறப்ப செய்வோமே, அந்த மாதிரி."

"புதன்கிழமை?"

"ஆறு மணிக்குப் பார்த்துட்டுத்தான் போனேன். ஆணியில சாவி இருந்தது. வியாழக்கிழமை காலையில வந்து பாக்கறேன்..." அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மூணாம் நம்பர் தொங்குது சார்! சாவி பிரிட்ஜுலயே கீது. நான் கட்டடம் பூரா ஓடினேன். 'சகுந்தலாம்மா, சகுந்தலாம்மா'ன்னு கத்திக்கினு ஓடினேன். கக்கூஸ் கதவெல்லாம் தட்டினேன்."

"கக்கூஸில் போய்ச் சீரத்தைக் கெடுக்க முடியாதேய்யா" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. கோதண்டராமன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாசல் சாவி நாலு பேரிடமும் உண்டு" என்றார் டாக்டர் பின்னாலிருந்து. "சகுந்தலா காலையில் வந்து தன் டோக்கனைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?"

சகுந்தலா குழாய் கழுவும் தொட்டியருகே இருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். ஒன்பது வருஷமாக இதே கூடத்தில், இதே தொட்டியில். அவள் முகத்தைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

"ஃப்ளோரா மேல உங்களுக்குப் பொறாமையாம்மா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார் கோதண்டராமன்.

"ஆமா சார்." குழாயைக் கவிழ்த்து வைத்தாள். "நான்தான் அவளுக்கு ஊசி புடிக்கக் கத்துக் கொடுத்தேன். முயல் காதுல ரத்தம் எடுக்க நான்தான் கத்துக் கொடுத்தேன். நான் பன்னண்டு முயலுக்குப் போட்டேன், ஒண்ணும் சரியா வரல. அவ ஒரே ஒரு முயலுக்குப் போட்டா, வந்துடுச்சு. அவ பம்பாய் போவா. நான் அவளுக்கு டாட்டா காட்டணும். பொறாமை இல்லாம இன்னா சார் இருக்கும்? ராத்திரியில சோறு எறங்கல."

"அப்ப சீரத்தைக் கெடுத்தது?"

"நான் இல்ல."

"டோக்கன்?"

அவள் அடுத்த குழாயை எடுத்தாள், கழுவவில்லை. "மேஜை டிராயர்லதான் வச்சிருப்பேன். டிராயருக்குப் பூட்டு கெடையாது."

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "அண்ணா, இதுக்கு மேல இன்னா வேணும்? வாயாலயே ஒத்துக்கினா!"

"பொறாமையை ஒத்துக்கினா" என்றார் கோதண்டராமன். "நீ கூடத்தான் தெனமும் ஒத்துக்கற. எனக்கு வெஷம் வச்சியா?"

"இன்னும் வைக்கல."

"போய் வாசல்ல விசாரி."

என்னை விரட்டுவதற்காகச் சொன்னது அது. எனக்குத் தெரியாதா? வேண்டுமென்றே ஒழுங்காக விசாரித்தேன். வாசலில் ஐஸ் ஃப்ரூட் வண்டி நின்றது. ஐஸ்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து பறந்து வந்த தூசியைப் பெட்டி மேலிருந்து தட்டிக்கொண்டே ஒரு செய்தி சொன்னான். அதைக் கேட்டு எனக்கு இறக்கை முளைத்தது. உள்ளே ஓடினேன்.

"அண்ணா! அந்த சகுந்தலா பத்து நாளா காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு ஐஸ் ஃப்ரூட் வாங்கறா. ஒண்ணுகூட வாயில வைக்கல. குச்சியை உருவிப் போட்டுட்டு ஐஸைப் பிளாஸ்குல போட்டுக்கறா! வூட்டுக்குக் கொண்டு போறா, திரும்பக் கொண்டு வர்றா. சீரம் கெடாம இருக்கத்தான் அந்த ஐஸ், அவகிட்ட ஒரு குப்பி கீது. சீரத்தைத் திருடிட்டு, பிரிட்ஜுல வேற எதையோ ஊத்தி வச்சிருக்கா!"

கோதண்டராமன் என் தோளில் கை வைத்தார். "பலே!" என்றார்.

நாலு வருஷத்தில் முதல் பலே. காது சூடாகிவிட்டது.

"பாதி சரி" என்று சேர்த்துக்கொண்டார். அந்த மனிதரால் ஒரு பலேயை முழுசாகக் கொடுக்க முடியாது. "எத்தனை நாளா ஐஸ் வாங்கறா?"

"பத்து."

"சீரம் கெட்டது?"

"முந்தாநேத்து..." என் சுருதி இறங்கியது.

"பத்து நாளா ஐஸ் வச்சுக் காப்பாத்தறவ, முந்தாநேத்து எதுக்குக் கெடுக்கப்போறா? வா. எல்லாரையும் பலகைகிட்டக் கூப்பிடு. மணி மூணே கால்."

நடையில் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஃப்ளோராம்மா, சீரம் எப்படிச் செத்துதுன்னு கண்டுபுடிச்சியா?" என்று கேட்டார் கோதண்டராமன்.

"வெள்ளை அணுச் சாறு பாட்டில்ல ரெண்டு விரல் கொறையுதுண்ணா. அதைச் சீரத்துல முன்னாடியே கலந்துட்டாங்க. அது வேணுங்கறதைப் புடிச்சிக்கினு அடியில தங்கிடுச்சு. மேல தெளிஞ்சதை மட்டும் குப்பியில ஊத்தி வச்சிருக்காங்க. வயிறு நெறஞ்ச ஆளை மறுபடி பந்தியில உக்கார வச்சா தின்னுவானா?"

"வெவரம் தெரிஞ்ச கை. இங்க நாலு பேருக்கும் அந்த வெவரம் தெரியும். இப்ப ஒரு சின்ன வேலை. ஒவ்வொருத்தரும் உங்க டோக்கனை ஆணியில மாட்டுங்க. எடுக்காதீங்க. அப்படியே விட்டுட்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன். முனியப்பா, நீ மொதல்ல."

முனியப்பன் டோக்கனை எடுத்தார். ஆணி வரை கை போனது. அங்கேயே நின்றது. "சார், கோவிச்சுக்காதீங்க. விட்டுட்டுப் போவ முடியாது சார்."

"ஃப்ளோரா?"

அவள் டோக்கனை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். "வேணாம்ண்ணா. அம்மா கேட்டா செத்துடுவாங்க."

"சகுந்தலா?"

சகுந்தலா பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"சம்பங்கி, நீ மாட்டு. உன் வீட்டுச் சாவி வளையத்துல உன் பழைய டோக்கன் இருக்குமே."

எனக்கு ஏதாவது நையாண்டி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு வருஷம்தான் சுரங்கத்தில் இருந்தேன். பயந்து ஓடி வந்தவன். ஆனாலும் கை பைக்குள் போக மறுத்தது. "என்னை விட்ருங்கண்ணா" என்றேன்.

"இதென்ன கூத்து?" டாக்டர் இன்பராஜ் சிரித்தார். பேன்ட் பையிலிருந்து ஒன்றாம் நம்பரை எடுத்தார். டிணுக்கென்று ஆணியில் மாட்டினார். வேகமாக வாசலைத் தாண்டி ரோட்டில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். "போதுமா? நேரத்தை வீணாக்க..."

"சார்!" முனியப்பன் ஒரே பாய்ச்சலில் ஓடி டோக்கனை ஆணியிலிருந்து பிடுங்கினார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஃப்ளோரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் சிரிப்பு மெதுவாக நின்றது.

"நீங்க எட்டு மாசம் முன்னால மெட்ராஸ்லருந்து வந்தவர் சார்" என்றார் கோதண்டராமன் மிக மரியாதையாக. "உங்களுக்கு அது பித்தளைத் துண்டு. எங்க ஊர்ல ஷிப்டு முடிஞ்சும் பலகையில டோக்கன் தொங்கினா, அந்த ஆள் மேல வரலன்னு அர்த்தம். சகுந்தலாவோட அப்பா டோக்கன் ஒன்பது நாள் தொங்கினது. பாறை வெடிச்சு, ஆளையே எடுக்க முடியல. ஒன்பது நாளும் அவளும் அவங்கம்மாவும் அந்தப் பலகைக்கு எதிர்லதான் உக்காந்திருந்தாங்க. நான் அங்க டூட்டியில இருந்தேன். அப்ப அவளுக்கு வயசு பன்னண்டு. இந்த ஊர்ல பொறந்தவங்க திருடுவாங்க, பொய் சொல்லுவாங்க, அடுத்தவங்க சீரத்தைக் கெடுக்கக்கூடச் செய்வாங்க. டோக்கனைத் தொங்க விட்டுட்டு வீட்டுக்குப் போக மாட்டாங்க. மூணாம் நம்பரை மாட்டினது வெளியூர்க் கை. இங்க வெளியூர்க்காரர் ஒருத்தர்தான்."

"ஒரு பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு என்னை..." டாக்டர் ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்தார். பிறகு எங்களிடம் அல்ல, ஃப்ளோராவிடம் பேசினார்.

"பதினாலு வருஷம் படித்தேன். மூன்று ஊர், இரண்டு பட்டம். என் முயல் கொடுத்த வளையம் மங்கல். எஸ்.எஸ்.எல்.சி. படித்த நீ, கஞ்சிக் கிண்ணம் மாதிரி ஒரு பாத்திரத்தில் கலக்கி, பளிச்சென்று வளையம் வரவைத்தாய். கமிட்டியின் கடிதம் வந்தது. உறையைப் பிரித்தேன். உள்ளே உன் பேர் இருந்தது. என் பேர் விலாசத்தில் மட்டும் இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை, ஃப்ளோரா."

அவர் மேல் கோபப்படத்தான் நினைத்தேன். அந்த விலாசம் என்ற வார்த்தை என்னைத் தடுத்துவிட்டது. ஆனால் சகுந்தலாவின் டிராயரைத் திறந்த கையை நான் மன்னிக்கவில்லை.

"சீரம்?" என்றாள் ஃப்ளோரா. "இத்தை யார் செஞ்சா எனக்கு இன்னா டாக்டர்? சீரம் போச்சே."

வாசலில் ஜீப் வந்து நின்றது. மணி நாலுக்குப் பத்து நிமிஷம்.

மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் நரைத்த தலை டாக்டரம்மா. பம்பாயில் வேலை, பேச்சு கும்பகோணம். வந்த வேகத்தில் மேஜையருகே போய், "எங்கே, வளையத்தைக் காட்டுங்கோ" என்றார். டாக்டர் இன்பராஜ் தரையைப் பார்த்தார்.

கோதண்டராமன் அப்போது சகுந்தலாவைத்தான் பார்த்தார். சோதனை வாசலில் நிற்கிற பார்வை. ஆனால் கை நீட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. குப்பி அவளிடம் இருக்கிறது, எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம். நான் அல்லவா கண்டுபிடித்தேன்!

"அண்ணா, பிளாஸ்கைப் புடுங்கட்டுமா?" என்று அவர் காதில் கேட்டேன்.

"தொடாத" என்றார். "புடுங்கினா அது திருட்டுச் சொத்து. அவளா கொடுத்தாத்தான் ஃப்ளோராவுக்குச் சாட்சி."

அவள் பேசாமல் இருந்தால் ஃப்ளோரா நாளைக்கே வீட்டுக்குப் போவாள். இருக்கிற ஒரே சீனியர் சகுந்தலாதான். பம்பாய்க்கு யாரையாவது அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இவளைத்தான் அனுப்புவார்கள். அந்தக் கணக்கை நான் போட்டேன். அவளும் போட்டாள். முகத்தில் தெரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சகுந்தலா தன் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு, சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அடியில் நாலைந்து சொட்டுத்தான் இருந்தது.

"ஃப்ளோராவோட சீரம்மா இது. பத்து நாள் முன்னாடி அவளுக்குத் தெரியாம எடுத்தேன்."

"அக்கா!" என்றாள் ஃப்ளோரா.

"நீ சும்மா இரு. ஒரு தடவைக்குத்தான் வரும். கை நடுங்காம ஊத்து."

ஃப்ளோரா ஊற்றினாள். கை நடுங்கியது. சகுந்தலா எரிச்சலோடு குழாயைப் பிடுங்கி, தானே மேலே சாற்றை ஒரு சொட்டு ஒரு சொட்டாக விட்டாள். எல்லோரும் குனிந்தோம். முனியப்பன் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. ஏழாவது நிமிஷத்தில் இரண்டு நீரும் சேருமிடத்தில் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. பிறகு அது வெள்ளையாக, கெட்டியாக, ஒரு வளையமாக நின்றது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பேஷ்" என்றார். "ஆனா ஒருத்தியே செஞ்சு அவளே பார்த்ததை நான் எழுத முடியாது. இன்னொரு கை செஞ்சு பார்த்திருக்கணும். யாராவது செஞ்சேளா?"

ஃப்ளோராவின் முகம் மறுபடி விழுந்தது. டாக்டர் இன்பராஜ் செய்யவே இல்லை. செய்திருந்தால் அவள் சீரம் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

"நான் செஞ்சேன்" என்றாள் சகுந்தலா.

"எத்தனை தடவை?"

"பதினோரு ஆள் ரத்தம். பதினோரு தடவை. தெனமும் எல்லாரும் வூட்டுக்குப் போனப்புறம்." ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தேதி, நேரம், பேர் எல்லாம் பொடி எழுத்தில். "ஏழு பேருக்குத் தூசி நெஞ்சு. ஏழு பேருக்கும் தடிமனா வந்தது. மத்த நாலு பேருக்கும் மெல்லிசாத்தான் வந்தது."

"எதுக்காக ரகசியமா செஞ்சே?"

சகுந்தலா ஃப்ளோராவைப் பார்க்காமல் சொன்னாள்: "இவ சொன்னது பொய்னு காட்டறதுக்குத்தாம்மா. ஒரு தடவையாவது தப்பா வரணும்னு சாமியை வேண்டிக்கினு வேண்டிக்கினு ஊத்தினேன். ஒரு தடவைகூட வரல."

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. இதைப் பத்தி எழுதற கட்டுரையில உன் பேரும் வரணும். ஃப்ளோரா பேருக்குக் கீழே. சம்மதமா?"

கீழே என்ற வார்த்தையை சகுந்தலா விழுங்குவதை நான் பார்த்தேன்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

ஃப்ளோரா அழுதுகொண்டே வந்து அவள் கையைப் பிடித்தாள். சகுந்தலா வெடுக்கென்று உதறிக்கொண்டாள்.

"கையை விடுடி. எனக்கு இன்னும் வயிறு எரியுது."